கணுக்காலுக்கு மேலே குங்குமம்

எதுவும் சேர்க்காத குழாயில் ரத்தம் மறுபடியும் இளகியிருந்தது.

கன்னிகா அதைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். உறைந்த ரத்தம் அடியிலேயே ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். நிற்கவில்லை. கண்ணாடிச் சுவரில் வழுக்கி, இழுபட்டு, மூடியில் வந்து தேங்கியது. பாக்டீரியா சேர்த்த குழாயில் ரத்தம் கரைந்தால் ஆராய்ச்சி. சேர்க்காததிலும் கரைந்தால், ஆராய்ச்சியை நடத்தும் வேதாச்சலம் சார் போனில் சொன்னதுதான்: "உன் கை சுத்தமில்லமா." காலையிலிருந்து குழாயை மாற்றினாள், உப்புநீரை மாற்றினாள், கையுறையைக்கூட மாற்றிவிட்டாள். ச்சே! நாளை காட்ட ஒன்றுமில்லை என்றால் வேலை வேறொருவர் கைக்குப் போய்விடும்.

வெளியே திருப்பதி மழையில் கறுத்துக்கொண்டிருந்தது. பழைய ஃப்ரிட்ஜ் இருமி இருமி ஓடியது. ஸ்பிரிட் வாடைக்கு அடியில், காயாத ஈரத்துணி போல, கொஞ்சம் தித்திப்பாக இன்னொரு வாடை. எங்கிருந்து வருகிறது என்றே தெரியவில்லை.

"இன்னா கன்னிகா, லேபு முழுக்கக் குங்குமம் மிதிச்சிக்கினு திரியிற?" என்றான் கிஷோர். அவளோடு வேலை பார்க்கும் புத்தூர்க்காரன்.

"படி குங்குமம்டா. இன்னா தேச்சாலும் போவ மாட்டேங்குது."

அம்மாவின் வேண்டுதல். இந்த ஆராய்ச்சி நல்லபடியாக முடிய வேண்டும் என்று, முந்தாநாள் கன்னிகா மலையடியில் உள்ள அலிபிரியிலிருந்து படிக்குப் படி மஞ்சள் குங்குமம் வைத்துக்கொண்டே வெறுங்காலோடு திருமலை ஏறினாள். குதிகால் வெடிப்பில் ஈரக் குங்குமம் ஏறிக்கொண்டது.

"சாமிக்கு வெச்சத சாமி உனுக்கே திருப்பிக் குடுத்துட்ச்சி" என்று சிரித்தான் அவன்.

சித்தூரிலிருந்து அம்மாவின் போன். "சோறு துன்னியா? குரலே சரியில்லியே, ஜுரமாடி?"

"ஏறின அலுப்புமா. வெச்சிடு."

போனை வைத்தபோதுதான் உறைத்தது. எல்லாவற்றையும் மாற்றினாள், ரத்தத்தை மட்டும் மாற்றவில்லை. கரண்ட் போய் ஃப்ரிட்ஜில் இருந்த ரத்தம் கெட்டுவிட்டதால், காலையில் தன் கையிலிருந்தே எடுத்திருந்தாள்.

"கிஷோரு, கையக் குடு."

"என் ரத்தத்தயும் குடிக்கப் போறியா?"

இருவர் ரத்தத்தையும் உறையவைத்தார்கள். காத்திருந்தார்கள். கவிழ்த்தார்கள்.

அவனுடையது கல் மாதிரி நின்றது. அவளுடையது வழிந்தது.

கிஷோர் சிரிக்கவில்லை. "அப்போ... உன் கை சுத்தமாத்தான் இருக்குது" என்றான் மெதுவாக.

காயம் பட்டால் உடம்பு ரத்தத்தை உறையவைத்துச் சுவர் எழுப்பும். ஆறியபின் அந்தச் சுவரை இடிக்க, ரத்தத்துக்குள்ளேயே ஓர் ஆள் தூங்கிக்கொண்டிருப்பான். அவள் வளர்க்கும் பாக்டீரியாவின் நொதி செய்வதெல்லாம் அவனை முன்னதாகவே எழுப்பிவிடுவதுதான். இடிப்பது நம் ஆள். நுழைவது பாக்டீரியா. எத்தனை பேருக்கு இதைப் படம் போட்டு விளக்கியிருக்கிறாள்!

வெறுங்காலோடு ஏறிய குதிகால் வெடிப்பு நினைவுக்கு வர, குனிந்து பேன்ட்டை மடித்தாள்.

குங்குமம் பட்டது பாதத்தில். சிவப்பு இருந்தது கணுக்காலுக்கு மேலே. பளபளவென்று, தொட்டால் சுடும் சிவப்பு. அந்த வாடையும் அங்கிருந்துதான்.

சிவப்பு முடியும் இடத்தில், குழாய்க்குப் பெயர் எழுதும் பேனாவால் ஒரு கோடு போட்டாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போலாம். ஆட்டோ இட்டாறேன், அசையாத" என்று கிஷோர் படியில் தடதடவென ஓடினான்.

கரண்ட் போனது.

ஃப்ரிட்ஜ் நின்றது. மழை மட்டும். பிறகு, மிக அருகில், ஒரு சொட்டு விழும் சத்தம். குழாய் மூடியாக இருக்கும். மூடி இறுக்கமாகத்தான் இருந்தது.

போன் விளக்கைக் காலில் அடித்தாள்.

கோடு இருந்தது. சிவப்பு அதைத் தாண்டியிருந்தது. தாண்டி, மெல்லிய இழையாக, முழங்காலைத் தொட்டிருந்தது. இவ்வளவு சீக்கிரமா?

சொட்டு.

முழங்கையின் உள்புறம். காலையில் ஊசி குத்திய புள்ளி. எப்போதோ காய்ந்து மூடிய புள்ளி. திறந்திருந்தது.

பஞ்சை வைத்து அழுத்தினாள். நனைந்தது. இன்னும் அழுத்தினாள்.

"கிஷோரு!"

வெளிச்சம் தரையில் சரிந்தது.

மதியம் அவள் நடந்த தடங்கள். மேஜையிலிருந்து வாசல்வரை. குங்குமம் என்று அவள் சொன்னவை. ஒன்றுகூடக் காயவில்லை. விளக்கில் மினுங்கிக்கொண்டு, ஒவ்வொரு குதிகால் தடமும் விளிம்பு கரைந்து, அடுத்ததைத் தொட மெல்ல ஓடிக்கொண்டிருந்தது.