வடித்த தண்ணீர்

வில்பிரட் காலையில் சோதனைக்குக் கிளம்பினாலே மிதவைத் தெருவில் ஜன்னல்கள் சாத்திக்கொள்ளும். கடல் ஏறி வயலெல்லாம் உப்பாகிப்போன பிறகு அரசு பங்கிட்டுக் கொடுத்தது கடற்பாசி ஒன்றைத்தான். அதிலிருந்து உடம்பில் சேர்ந்த சத்து எவ்வளவு என்று மணிக்கட்டில் கட்டிய சத்துமானி காட்டும். போதுமென்றால் பச்சை, குறைந்தால் சிவப்பு. அதை வீடுவீடாகச் சோதிக்கும் மேற்பார்வையாளன் வில்பிரட்டுக்கோ வெளிறிய பச்சையைக் கண்டாலே வாய் நீளும்.

அன்று அகப்பட்டவள் ரோணிக்கம். பாசியை இரண்டு கொதி விட்டு, தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டுத் தாளிப்பது அந்தத் தெரு வழக்கம்.

"வீச்சம் தாங்கல சார். வடிச்சாத்தான் வாயில வைக்க முடியுது."

"பாசியில இருக்கிற அயோடின் சத்தை எல்லாம் மீனுக்கு ஊத்திட்டு நீங்க சக்கையத் தின்னுங்க," என்றான் வில்பிரட். நாக்குக்குப் பிறந்த ஜென்மங்கள் என்று அவனுக்கு அவர்கள்மேல் அப்படி ஓர் இளக்காரம்.

அவன் வீட்டில் பாசி அடுப்பேறாது. பழுப்புப் பாசியைப் பச்சையாக அரைத்து வேளைக்கு ஒரு குவளை. கர்ப்பிணி மனைவி எஸ்மி குமட்டலில் துவண்டு, ஒரு கொதியாவது விடட்டுமா என்று கெஞ்சிப் பார்த்தாள். பிள்ளைக்கு மூளை வளர வேண்டாமா என்று அவள் வாயை அடைத்தான். அவளது சத்துமானியின் அடர்பச்சையைத் தெருவுக்கே காட்டிப் பீற்றிக்கொண்டான்.

குழந்தை பிறந்தது. அழவில்லை, கழுத்து வீங்கியிருந்தது. அளவுக்கு மீறிய அயோடின் பிள்ளையின் தைராய்டை முடக்கிவிட்டது என்றார் மருத்துவர். மருந்து உண்டு, ஆனால் மூளை எவ்வளவு தப்பியது என்பது வளர வளரத்தான் தெரியும். பாசியை வேகவைத்து வடித்திருந்தால் பெரும்பகுதி தண்ணீரோடு போயிருக்கும் என்றும் சொன்னார்.

"சத்துமானி எப்பவும் பச்சைதானே டாக்டர் காட்டுச்சு?" என்று கேட்டாள் எஸ்மி.

"கூடினா காட்ட அதுல நிறமே இல்லையே."

நிறங்களை வகுத்த குழுவில் வில்பிரட்டும் உட்கார்ந்திருந்தான். அதிகத்துக்கு எதற்கு நிறம், இந்தக் கூட்டமா அள்ளித் தின்னப் போகிறது என்று சிரித்தவனே அவன்தான்.

வீடு திரும்பியதும் எஸ்மி குழந்தையை மடியில் கிடத்திக்கொண்டு, காலால் சட்டியை அவன் பக்கம் தள்ளினாள்.

"ரோணிக்கத்துகிட்ட போயி, எத்தன கொதின்னு கேட்டுட்டு வாங்க."

அவன் தெருவில் இறங்கினான். ஜன்னல்கள் வழக்கம்போலச் சாத்திக்கொண்டன.