தரைக்குக் கீழே நான்கு மீட்டர்

"தரைக்குக் கீழ காத்து இருக்குன்னு சொல்றீங்களே, உங்க சாட்டிலைட் என்ன தண்ணியடிச்சிட்டா சுத்துது?"

"அது காட்டுறதத்தான் சார் அனுப்புறோம். பத்துல ஒண்ணை உங்க ஆளு தூக்கிக் குப்பையில போடுறாரு!"

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் வானிலை அலுவலக மேலாளரும் தனியார் சாட்டிலைட் கம்பெனிக்காரரும் கத்திக்கொண்டிருக்க, இந்தப் பக்கம் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார் அந்த 'ஆளு'. பட்டப்பெயர் வடிகட்டி. கம்பெனி அனுப்பும் வெப்ப, ஈரப்பத அளவுகளில் தப்பானதைக் களைந்து, மிச்சத்தை மழை கணிக்கும் கணினி மாடலுக்குக் கொடுப்பது அவர் வேலை. தரைக்குக் கீழே காட்டும் அளவுகளைத் தானாகவே ஒதுக்கிவிடும் விதியும் அவர் எழுதியதுதான். அதற்குக் கைதட்டல்கூட வாங்கியிருந்தார்.

மத்தியான மழை ஜன்னலில் ஒரே சீராக அறைந்துகொண்டிருக்க, ஏசியிலிருந்து நனைந்த துணி வாடை மெல்லக் கசிந்துகொண்டிருக்க, ஆறு மாதமாக யாரும் தொடாத அந்த ஒதுக்கல் கோப்பை, சண்டை தன் தலையில் விடியுமோ என்ற எரிச்சலில்தான் திறந்தார்.

எல்லா அளவும் ஒரே மாதிரி. முப்பத்தேழு டிகிரி. ஈரம் நூறு சதவீதம்.

உடம்புச் சூடு. வாய்க்குள் இருக்கும் ஈரம்.

ஆறு மாதத்துக்கு முன் அந்த அளவுகள் ஊர் முழுக்கச் சிதறி, அறுபது மீட்டர் ஆழத்தில் இருந்தன. போன மாதம் இருபது மீட்டர். இன்று காலை நான்கு. மூன்று வேறு சாட்டிலைட்டுகள், மூன்றும் காட்டுவது ஒரே இடம். வரைபடத்தைப் பெரிதாக்கினார். அவர் தெரு. அவர் வீடு.

மனைவிக்குப் போன் போட்டார்.

"என்னங்க, இந்நேரத்துல?"

"பாப்பா எங்க?"

"ஹால்ல. தரை கதகதப்பா இருக்காம். பாயே வேணாம்னு குப்புறப் படுத்துத் தூங்குறா."

"அவளத் தூக்கிட்டு உடனே வெளிய வா."

"கொட்டுற மழையிலயா? மழையே வராதுன்னு சொன்னது உங்க ஆபீஸுதானே!" சிரித்தாள். "சரி சரி, எழுப்புறேன். ஏய், எந்திரிடி... எந்திரி..."

அவளைப் பிடித்து இழுக்கும் சத்தம் போனில் கேட்டது.

"என்னங்க. இவ தரைய விட்டு வரமாட்டேங்குறா."

மேலாளர் கதவைத் தள்ளி எட்டிப் பார்த்தார். "வடிகட்டி, அந்த விதிய எடுத்துடாதய்யா. மாடல் ஏத்துக்காதது குப்பை. அவ்வளவுதான்."

திரையில் புதிய அளவு விழுந்தது. பூஜ்ஜியம் மீட்டர்.

ஓடினார்.

வீட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளே மழைச் சத்தம்கூட அமுங்கியிருந்தது. சுவரோடு ஒட்டி நின்றாள் மனைவி. மகள் குப்புறக் கிடந்தாள். முதுகு ஏறியது. இறங்கியது.

உயிர் இருக்கிறது.

மண்டியிட்டார். அவள் மூக்கருகே விரலை வைத்தார்.

மூச்சில்லை.

முதுகு ஏறியது. அவளோடு சேர்ந்து தரையும் ஏறியது. அவர் முழங்காலும்.

இறங்கியது.

இதைப் படித்தவர்கள் ஒரு உதவி செய்யுங்கள். உங்கள் வீட்டுத் தரையில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் வெளியே வந்துவிடுங்கள். வந்த பிறகு, எந்தத் தெரு என்று இங்கே பதில் எழுதுங்கள்.