இடப்பக்கம் போன குண்டுகள்

"துப்பாக்கிக்கு ஒண்ணுமில்லைங்க. கையைத்தான் பாக்கணும்."

அவன் அவளிடம் உருப்படியாகப் பேசிய முதல் வாக்கியமே இதுதான். அதுவும் ஒரு பல் டாக்டரிடம்...

காலை முழுக்க அடுத்தவர் வாய்க்குள் ஊசியும் கொக்கியுமாக வேலை பார்க்கும் கை அது. ஒரே கிளினிக்கில் கூடவே உட்கார்ந்து, அவள் நடையிலிருந்து ஸ்கூட்டர் ஓட்டுவது வரை குறை சொல்லும் அப்பா கூட அந்தக் கையைக் குறை சொன்னதில்லை. மாலையில் துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்கு வந்து, பத்து மீட்டர் தள்ளித் தொங்கும் அட்டையில் ஏர் பிஸ்டலால் அறுபது குண்டு சுட்டால்தான் அவளுக்கு அன்றைய நாள் முடியும். குண்டு என்றால் மிளகு பருமனில் ஒரு துளி ஈயம். அந்த மிளகுகள்தான் இப்போது சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. நடுவைப் பார்த்துச் சுட்டால் இடப்பக்கம் போகின்றன. சரி, போகட்டும் என்று குறியைத் திருகிச் சரிசெய்தால் மறுநாள் வலப்பக்கம் போய் நிற்கின்றன.

ரேஞ்சில் சுடுபவர்கள் நிற்க எட்டு லேன். அவள் நிற்பது முதல் லேனில். மழை பெய்தால் கூரை ஒழுகி, சரியாக அவள் செருப்பில் சொட்டும். ஆனாலும் அங்கேதான் நிற்பாள். அதற்கு இடப்புறம் ஒரு கண்ணாடி ஜன்னல். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் பட்டறை. பட்டறையில் எப்போதும் குனிந்தே இருக்கும் ஒரு தலை. நாலு மாதத்துக்கு முன் புதிதாக வேலைக்குச் சேர்ந்த மெக்கானிக். அந்தத் தலையை அவள் கவனித்ததே இல்லை. சரி... கவனித்ததே இல்லை என்று சொல்லிவிட முடியாது. வலது புருவத்தின் மேல் ஒரு சின்னத் தழும்பு இருப்பது தெரியும். வேலையில் மூழ்கினால் நாக்கு நுனியைக் கடித்துக்கொள்வான் என்பதும் தெரியும். அவ்வளவுதான்.

அன்று அவள் பிஸ்டல் பெட்டியை அவன் வேலை பார்க்கும் பெஞ்சில் வைத்ததும், எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டான். மூன்று மாதமாக என்றாள். நோட்டில் எழுதிக்கொண்டிருந்த பேனா ஒரு நொடி நின்றது. பிறகு பிஸ்டலை வைஸ் என்கிற இரும்பு இடுக்கியில் இறுக்கிக் கவ்வவைத்து ஐந்து குண்டு சுட்டான். அட்டையில் ஐந்துக்கும் சேர்த்து ஒரே ஓட்டை. அதற்குப் பிறகுதான் அந்த வாக்கியம்.

"என் கைக்கு என்ன?" அவள் கண்கள் அகலமாகின. கோபத்தில் அவை இன்னும் அழகாவது அவளுக்குத் தெரியாது. அவனுக்குத் தெரிந்துவிட்டது... பாவம், தடுமாறிப் போனான்.

"இல்லைங்க... வைஸ் பிடிச்சா நேரா போகுது. நீங்க பிடிச்சா போகல. நடுக்கம் ஏதாவது..."

"உங்களுக்கும் ஒருநாள் பல் வலிக்கும். அப்ப பேசிக்கலாம்."

கெட்ட நேரம், வாசலில் செகரட்டரி நின்றிருந்தார். ரேஞ்சை நிர்வகிப்பவர். வீங்கிய கன்னம், மறுநாள் காலை அவளிடம்தான் ரூட் கெனால். 'நடுக்கம்' என்பது காதில் விழுந்ததும், கன்னத்தைப் பொத்திக்கொண்டு சத்தமில்லாமல் பின்வாங்கினார். மறுநாள் அவர் வரவில்லை. கன்னம் வீங்கினாலும் அவர் வாய் ஓயவில்லை போலிருக்கிறது. அந்த வாரத்தில் இன்னும் நாலு பேர் வரவில்லை. வந்த ஒருத்தரும் பெரிய டாக்டர்தான் வேண்டும் என்று அடம்பிடித்தார். அன்று சாயங்காலமே அப்பா ஊசித் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"கொஞ்ச நாளைக்கு நீ வாயைப் பாத்து எழுதிக் குடும்மா, போதும். மத்ததை நான் பாத்துக்கறேன்."

ஆறு வருடம் டாக்டராக இருந்தவள் அன்றிலிருந்து குமாஸ்தா ஆனாள். பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். துப்பாக்கி எக்கேடோ கெடட்டும்... இந்தக் கையின் பெயரை மீட்டாக வேண்டும்.

மறுபடி பட்டறைக்குப் போனாள். கோளாறைக் கண்டுபிடிக்கும்வரை தினமும் வருவேன் என்று அறிவித்தாள். அவன் மறுக்கவில்லை. மறுக்காத வேகம்தான் கொஞ்சம் சந்தேகமாக இருந்தது.

முதல் நாள் வேறு பெட்டியிலிருந்து ஈயக் குண்டு. மறுநாள் குழலைத் துடைத்தான். அதற்கு மறுநாள் குறியின் திருகுகள். ஒவ்வொன்றுக்கும் ஐந்து குண்டு. சுட்ட அட்டையில் தேதி போட்டு நோட்டில் ஒட்டுவான். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றித் தொலைத்தால் என்ன என்று கேட்டாள்.

"அப்புறம் எதனால சரியாச்சுன்னே தெரியாதுங்க. நாலு பல்லை ஒண்ணா பிடுங்கிட்டு, எது வலிச்சதுன்னு தேடுவீங்களா?"

சிரிக்கக் கூடாது என்றுதான் இருந்தாள். சிரித்துவிட்டாள்.

மூன்றாவது வாரம் அவன் தன் அக்காவைப் பார்க்க வெளியூர் போனான். மூன்று நாள். அந்த மூன்று நாளும் அவள் குண்டுகள் நடுவை விட்டு நகரவில்லை. நாலாம் நாள் அவன் ஜன்னலுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தான்... முதல் குண்டே இடப்பக்கம்.

அன்று வீட்டுக்குப் போய் அட்டைகளைக் கட்டிலில் பரப்பிப் பார்த்தவளுக்குக் குப்பென்று வேர்த்தது. அவன் இருந்தால் இடது. இல்லாவிட்டால் நடு. ஆக, அவன் சொன்னது சரிதான். கோளாறு அவளிடம்தான். கையில் தொடங்கி, தோளைத் தாண்டி, உள்ளே இடப்பக்கம் போய் உட்கார்ந்திருக்கிறது. அடக் கடவுளே... இதைப் போய் அப்பாவிடம் எப்படிச் சொல்வது? அதைவிட, அவனிடமே எப்படிச் சொல்வது? மானத்தோடு பெட்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுவது, இனி அந்தப் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை என்று முடிவு செய்தாள்.

சனிக்கிழமை மாலை நல்ல மழை. பெட்டியை எடுக்கப் போனால், பட்டறையில் செகரட்டரி உட்கார்ந்திருந்தார். கன்னம் முன்னிலும் பெரிதாகியிருந்தது. மெக்கானிக்தான் வரச்சொல்லியிருந்தான். கடைசியாக ஒரே ஒரு தடவை முதல் லேனில் நின்று சுடும்படி அவளிடம் கெஞ்சினான். சுட்டாள். ஐந்தும் இடப்பக்கம். அவன் உள்ளே போய் பெஞ்ச் மேலிருந்த விளக்கை அணைத்தான். இன்னும் ஐந்து சுடச் சொன்னான். ஐந்தும் நடுவில்.

"விளக்குதான் சார். வெளிச்சம் ஜன்னல் வழியா வந்து, குழல் நுனியில இருக்கற முன்குறியோட இடது ஓரத்துல படுது. பெட்டியில உரசி உரசி அந்த ஓரம் பளபளன்னு இருக்கு. வெளிச்சம் பட்டா அது அட்டையோட வெள்ளையில கரைஞ்சிடுது. மிச்சம் தெரியறதை நடுவுல வெச்சு இவங்க சரியாத்தான் பிடிக்கறாங்க... குண்டு இடப்பக்கம் போயிடுது." அவன் இரண்டு அட்டைகளையும் நீட்டினான். "கை நடுங்கினா ஓட்டை சிதறும். இது ரெண்டுலயும் கூட்டமா இருக்கு. முதல் நாளே பாத்திருக்கணும். தப்பு என்னோடது."

செகரட்டரி விடவில்லை. அந்த பெஞ்சும் விளக்கும் எதிர்ச்சுவரில் அல்லவா இருந்தன, எப்போது இங்கே வந்தன என்றார். மூன்று நாலு மாதம் முன்பு தான்தான் நகர்த்தியதாக அவன் சொன்னான். ஏன், காற்றுக்காகவா என்று அவரே ஒரு பதிலையும் எடுத்துக் கொடுத்தார்.

தலையை ஆட்டியிருந்தால் போதும்; அவன் தப்பித்திருக்கலாம். தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவன் காது இரண்டும் சிவந்தன.

"காத்துக்கு இல்ல சார். சுவரப் பாத்து உக்காந்தா இவங்க தெரியல... அதுக்குத்தான் நகத்தினேன்."

செகரட்டரி அவனைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகு கன்னத்தைத் தடவியபடி, வெகு மரியாதையாக, "டாக்டர், நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு வரட்டுமா?" என்றார். வரச்சொன்னாள். ஊசி தன் கையால்தான் என்றும் சொன்னாள். அவர் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். திங்கட்கிழமைக்குள் ஊர் முழுக்கச் சொல்லிவிடுவார். இந்த முறை அவளுக்கு அதில் வருத்தமில்லை.

பட்டறையில் இரண்டு பேரும் மழைச் சத்தமும் மட்டும். அவன் தரையைப் பார்த்துக்கொண்டே, பெஞ்சைக் காலையில் முதல் வேலையாகப் பழைய இடத்தில் போட்டுவிடுவதாகச் சொன்னான்.

அவள் கைப்பையைத் துழாவிக் கண்மைப் பென்சிலை எடுத்தாள். பிஸ்டலின் முன்குறியில், பளபளத்த அந்த இடது ஓரத்தில், கண்ணுக்குத் தீட்டுவது போலப் பொறுமையாக மை தீட்டினாள். விளக்கை மறுபடி போடச் சொன்னாள். முதல் லேனுக்குப் போய்க் கையை நீட்டினாள்... ஒரு குண்டு. நட்டநடுவில். பட்டறைக்குத் திரும்பி வந்தாள்.

"பெஞ்ச் இங்கேயே இருக்கட்டும்."

அவன் நிமிர்ந்தான். இவ்வளவு பக்கத்தில் அந்தக் கண்களை அவன் பார்த்ததில்லை. அவளும் இந்த முறை பார்வையைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"எட்டு லேன் இருக்கு. ஒழுகறது முதல் லேன் ஒண்ணுதான். இத்தனை மாசமா கால் நனைய நனைய நான் ஏன் அங்கயே நிக்கறேன்னு... அதை உங்க நோட்டுல எழுதவே இல்லையே?"

அவனுக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் அவசரமாக நோட்டைப் புரட்டினான். நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டு பேனாவைத் திறந்தவன், என்ன எழுதுவது என்று அவளையே கேட்டான்.

"கோளாறு ரெண்டு பக்கமும் இருக்குன்னு எழுதுங்க. சரி பண்ண வேண்டாம்னும் எழுதுங்க."