பற்றெண் பூஜ்யம்

இறந்துபோன கணவனின் குரலுக்கு மாதம் நாற்பது ரூபாய். வரி தனி. பேரம் பேசியே வளர்ந்த தூத்துக்குடியில் அந்த ஒரு சரக்குக்கு மட்டும் யாரும் விலை குறைத்துக் கேட்டதில்லை.

துறைமுகத்துக்கு அடியில், கடல்நீரில் குளிர்ந்துகொண்டிருந்தது நினைவகம். செத்தவர்களுக்கு அங்கே ஆளுக்கொரு நினைவறை. உறவுக்காரர் கூப்பிட்டால் இறந்தவர் பதில் சொல்வார். ஓர் அறையை எத்தனை பேர் இன்னும் பற்றிக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைவகத்தை ஆளும் கெர்னல் என்ற மென்பொருள் ஓயாமல் எண்ணும். அதற்குப் பற்றெண் என்று பெயர். அது பூஜ்யமானால் அறை காலி, அடுத்தவருக்கு விற்பனை.

கெர்னலின் பிழை திருத்துவது ஜெசிந்தாவின் வேலை. அன்று காலை முதல் புகார் ஆறுமுகனேரியிலிருந்து. உப்பளக்காரரின் விதவை பேச்சித்தாய் திரையில் நின்றாள்.

“அவுகளக் கூப்பிட்டா, எவனோ ஒருத்தன் சோப்பு வாங்கினா சீப்பு இலவசம்ங்கான், தாயி.”

ஜெசிந்தாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அந்த அறையின் பதிவைத் திறந்தாள். ஆள் இருந்த அறையைக் காலி என்று விளம்பரக்காரனுக்கு விற்றிருக்கிறது கெர்னல். விளம்பரம் முன்பாதியில், பழைய நினைவுகளை அழித்து உட்கார்ந்திருந்தது. பின்பாதியில் மனிதர் இன்னும் இருந்தார், மிச்சத்தையும் அழிக்கும் மதியத் துடைப்பு வரும்வரை.

“தினமும் கூப்பிடுவீங்களாம்மா?”

“காப்பி போட்டதும் கூப்பிடுவேன்.”

“என்னன்னு?”

“ஏங்கன்னுதான். பின்ன, பேரச் சொல்லியா கூப்பிடுவாக?”

பிழை அங்கேதான் இருந்தது. குரலை அடையாளம் கண்டு கதவைத் திறந்த கெர்னல், பெயர் சொன்னவர்களை மட்டுமே கணக்கில் ஏற்றியது. எழுதியவன், எல்லாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டே பழகியவன் போலும்.

மேலாளர் தனசிங் பின்னால் வந்து நின்றார். “அந்தம்மா இணைப்ப வெட்டிவிடு. புகார் முடிஞ்சிரும்.”

“எண்ணுறதத் திருத்தணும் சார்.”

“திருத்துனா எத்தன அறையத் திருப்பிக் கொடுக்கணும் தெரியுமா? எல்லாம் வித்தாச்சு.”

“அடுத்தவ புருஷன வித்துட்டு, என்ன சார் வித்தாச்சு?”

“சரி, ஒரே ஒரு தடவ பேரச் சொல்லச் சொல்லு. எண்ணிக்கிடும்.”

திரையிலிருந்து பேச்சித்தாய் வெடித்தாள். “நாப்பது வருசமாச் சொல்லாத பேர உம்ம மிசினுக்காகச் சொல்லணுமோவே? எண்ணத் தெரியாத முண்டத்துக்கு நான் என்ன செய்ய?”

ஜெசிந்தா விசைப்பலகையை இழுத்தாள். சொன்ன சொல்லை விட்டுவிட்டு, கூப்பிட்ட வாயை எண்ணு. அவ்வளவுதான் திருத்தம்.

“அனுமதி இல்லாம ஏத்துனா வேல போயிரும்.”

“எடுத்துக்கோங்க சார்.” ஏற்றினாள்.

ஊர் முழுக்க சோப்பு வாயை மூடியது.

“ஏங்க,” என்றாள் பேச்சித்தாய்.

“ஏளா, காப்பி ஆறிப்போச்சு. வேற போடு.”

அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். “நம்ம கல்யாணம் ஞாபகம் இருக்கா?”

“எந்தக் கல்யாணம்?”

“சரி, அத நான் வச்சிருக்கேன்,” என்றாள்.

வேலைநீக்க உத்தரவு வருமுன் ஜெசிந்தா அன்றைய கணக்கை முதலாளிகளுக்கு அனுப்பினாள். காலி என்று விற்ற அறைகள், ஒன்பதாயிரம். உண்மையில் காலி, அறுபது. பாதியாவது மீண்டவை, ஆறாயிரம். நிறுவனம் தரவேண்டிய பாக்கி: இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது கணவன்மார், ஒரு கல்யாணம்.