அவரைக்கு ஒரு சாக்குத் திரை

மார்கழி பிறந்துவிட்டது. இலஞ்சியில் எல்லார் வீட்டு அவரையும் பூத்துக் காய்த்துக்கொண்டிருந்தது. ஜெயபிரியா வீட்டு அவரை மட்டும் பூக்கவில்லை.

இலைக்கு ஒன்றும் குறைவில்லை. பின்பக்கத் தோட்டத்துப் பந்தலை முழுவதும் அடைத்துக்கொண்டு நின்றது. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, வேலை என்றதும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் ஆள் மாதிரி இருந்தது அந்தக் கொடி.

அதை ஆடி மாதம் அம்மா ஆவுடைத்தாயிதான் ஊன்றினாள். கீழப்பாவூரில், தான் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த விதை அது. இப்போது அந்த வீடும் இல்லை, தோட்டமும் இல்லை. வருடா வருடம் முதல் காய்களை முற்றவிட்டு, விதை எடுத்து, சாம்பலில் புரட்டி டப்பாவில் வைப்பாள். இந்த வருடம் டப்பாவில் இருந்த எல்லா விதையையும் ஊன்றியிருந்தாள்.

ஐப்பசியில் அம்மா இறந்துபோனாள்.

மழை பெய்து ஓய்ந்த ஒரு சாயங்காலம். தோட்டத்தில் அப்போது லைட் கிடையாது. தொட்டியில் தண்ணீர் எடுக்கப் போனவளை இருட்டில் பாம்பு கடித்துவிட்டது. தென்காசி போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

மறுவாரமே அப்பா முத்துராஜ் பெரிய எல்.இ.டி. லைட் ஒன்றை வாங்கிவந்து பின்சுவரில் மாட்டினார். பொழுது சாயும்போதே ஜெயபிரியா அதைப் போட்டுவிட வேண்டும்; விடிந்த பிறகுதான் அப்பா அணைப்பார். தோட்டத்தில் கல்யாண வீடு போல வெளிச்சம். வீட்டுக்குள் பேச்சே இல்லை. அப்பா தேங்காய்க் களத்து வேலைக்குப் போவார், வருவார், இரண்டு வாய் சாப்பிடுவார், படுத்துவிடுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் பந்தலுக்கு எதிரே நின்று முறைத்தார்.

"பூவும் இல்ல, காயும் இல்ல. வெறும் புதரு. பாம்பு வந்து அடையதுக்கா இத வச்சிருக்கணும்? போகி அன்னைக்கு வெட்டிப் போட்டுருதேன்."

"யப்பா, அது அம்மா போட்டது."

"தெரியும்ட்டி."

"வேற விதையே நம்மகிட்ட இல்லப்பா."

அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

கொடி போனால் அம்மாவின் விதையும் போயிற்று. போகிக்கு இன்னும் நாலு வாரம்கூட இல்லை.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தவள் தோட்டத்தில் திகைத்து நின்றாள். பந்தலின் மூலையில் ஒரு தேய்ந்த துடைப்பமும் ஒரு செருப்பும் கட்டித் தொங்கின. நீல வார் வைத்த செருப்பு.

"நாந்தான்ட்டி கட்டுனேன்!" பக்கத்து வீட்டுப் பேராச்சி அத்தை சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தார். "காய்க்காத கொடில வாரியலும் பழைய செருப்பும் கட்டித் தொங்கவிட்டா, வெக்கப்பட்டுப் பூத்துரும்."

அவரைக்கு வெட்கம் வருமா என்று யாரும் அதனிடம் கேட்டதில்லை. ஆனால் ஊரில் பலரும் இப்படிக் கட்டுவதுண்டு.

"அத்தே... அது எங்கம்மா செருப்பு."

பேராச்சி அத்தையின் முகம் சுருங்கிப்போனது. "ஐயோ! படிக்குக் கீழ கெடந்துச்சு தாயி. பழசாக்கும்னு எடுத்துட்டேன். சத்தியமா எனக்குத் தெரியாது."

ஜெயபிரியாவுக்கு அவரைத் திட்டவும் முடியவில்லை, சும்மா இருக்கவும் முடியவில்லை. முக்காலியைப் போட்டு ஏறி, செருப்பை அவிழ்த்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். இலைகளுக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு அழுதாள்.

அழுது முடித்துக் கண்ணைத் துடைத்தபோதுதான் அதைப் பார்த்தாள். இலைகளுக்கு நடுவே ஊதா நிறத்தில் ஒரு பூங்கொத்து!

பந்தல் முழுக்கத் தேடினாள். வேறு எங்கும் ஒரு மொட்டுகூட இல்லை. அந்த ஒரு மூலையில் மட்டும் எப்படி?

மணி ஆறானதும் வழக்கம்போல லைட்டைப் போட்டாள். வெளிச்சம் பந்தல் முழுவதும் பரவியது. ஒரே ஓர் இடத்தில் மட்டும் விழவில்லை. மேடைமேல் இருந்த தண்ணீர்த் தொட்டி அந்த மூலையை மறைத்தது. பூ இருந்ததும் அதே மூலைதான்.

"விடிய விடிய லைட் எரிஞ்சா, ராத்திரி வந்ததே அதுக்குத் தெரியாதுல்லா! பெறவு எப்படிப் பூக்கும்?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். உடனே லைட்டை அணைத்துவிட்டு உள்ளே போய் வீட்டுப்பாடம் எழுத உட்கார்ந்தாள்.

ஏழு மணிக்கு வெளியே சைக்கிள் தடாலென்று விழும் சத்தம் கேட்டது.

"ஏட்டி ஜெயா! எங்கன இருக்க? ஜெயா!"

"இங்கன, உள்ளதான் இருக்கேன்ப்பா!"

அப்பா மூச்சு வாங்க ஓடிவந்தார். "லைட்ட யாரு அணைச்சா?" பாய்ந்துபோய்ச் சுவிட்சைப் போட்டார். பிறகு ஜெயபிரியாவின் காலைத் தூக்கிப் பார்த்தார். பாதத்தைத் திருப்பிப் பார்த்தார். அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டார்.

அவருக்குக் கோபம் இல்லை, பயம் என்று ஜெயபிரியாவுக்கு அப்போது புரிந்தது. மகளை நினைத்துத்தான் இந்தப் பயம். இந்த அப்பாவிடம் லைட்டை அணையுங்கள் என்று எப்படிச் சொல்வது?

அவரைக்கு இருட்டு வேண்டும். அப்பாவுக்கு வெளிச்சம் வேண்டும். படுத்துக்கொண்டு யோசித்துப் பார்த்தாள். தண்ணீர்த் தொட்டி ஒரு மூலையை மறைக்க முடியும் என்றால், பெரிதாக ஏதாவது இருந்தால் பந்தலையே மறைக்கலாமே!

காலையில், "யப்பா, களத்துல கிழிஞ்ச சாக்கு கெடந்தா கொண்டாங்க. ஒரு ஏழெட்டு வேணும்" என்றாள்.

"எதுக்கு?"

"சொன்னா சிரிப்பீங்க."

"சிரிக்க மாட்டேன்" என்றார் அப்பா. அது உண்மைதான். அவர் சிரித்து இரண்டு மாதம் ஆகிறது.

சாக்குகள் வந்தன. கோணி ஊசியால் அவற்றை ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்தாள். ஊசி மூன்று தடவை விரலைக் கடித்தது. பேராச்சி அத்தை கேட்காமலே வந்து, மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு மூங்கில்களை நட்டு, லைட்டுக்கும் பந்தலுக்கும் நடுவில் சாக்குத் திரையைக் கட்டினார்கள்.

சாயங்காலம் லைட் எரிந்தது. தண்ணீர்த் தொட்டிக்குப் போகும் வழி முழுக்க வெளிச்சம். பந்தல் மட்டும் இருட்டில் நின்றது.

அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் அந்த வழியில் குனிந்து பார்த்துக்கொண்டே தொட்டிவரை போனார், திரும்பி வந்தார்.

"தரை தெரியுது" என்றார். "ஆனா போகிக்குள்ள பூக்கலன்னா வெட்டிருவேன்ட்டி."

"சரிப்பா."

தெருவில் சும்மா இருப்பார்களா? "முத்துராஜ் வீட்டு அவரைக்குக் குளிருதாம்லே, சாக்குப் போத்திருக்காவ!" என்று சிரித்தார்கள். ஜெயபிரியா காதில் வாங்கவில்லை.

ஆனால் நாட்கள்தான் ஓடின. மலைமேல் மேகம் இறங்கியே கிடந்தது. ஐயப்ப சாமிகளின் வண்டிகள் குற்றாலத்துக்கு வரிசையாகப் போயின. தினமும் காலையில் பனியில் நனைந்துகொண்டு இலை இலையாகப் புரட்டிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. ஒருநாள் வாடைக் காற்றில், இருந்த அந்த ஒரு பூங்கொத்தும் உதிர்ந்துபோனது. அன்று அவள் சாப்பிடவே இல்லை.

பிறகு பந்தல் பக்கம் போவதையே விட்டுவிட்டாள்.

போகி அன்று காலை. அப்பா அரிவாளோடு தோட்டத்துக்குப் போனார். ஜெயபிரியா போர்வைக்குள் காதைப் பொத்திக்கொண்டாள். வெட்டும் சத்தத்தைக் கேட்க அவளால் முடியாது.

வெகுநேரம் சத்தமே வரவில்லை.

"ஏட்டி, இங்கன வா."

ஓடினாள். அப்பா ஒரு கையால் கொடியை விலக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். இலைக்கு இலை, கணுவுக்குக் கணு, பச்சை மொட்டுக் குச்சிகள் நீட்டிக்கொண்டிருந்தன. சிலவற்றின் நுனியில் ஊதா நிறம் எட்டிப் பார்த்தது.

"ஆவுடைத்தாயி பாத்திருக்கணும்" என்றார் அப்பா. அவர் கண்ணீர் தாடையில் வழிந்தது. அவர் அதைத் துடைக்கவில்லை. ஜெயபிரியா அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டு தானும் அழுதாள்.

அந்த வருடம் அவர்கள் வீட்டில் பொங்கல் கிடையாது. பேராச்சி அத்தைதான் ஒரு தூக்குவாளியில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

மாசியில் காய்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கின. அப்பா முதல் கொத்தைப் பறிக்கக் கையை நீட்டினார்.

"அதத் தொடாதீங்க! அது விதைக்கு" என்றாள் ஜெயபிரியா.

"அப்ப இந்தக் கொத்து?"

"அதுவும் விதைக்குத்தான். அந்தா, அங்கன இருக்கது குழம்புக்கு."

"சரிங்க மொதலாளி" என்று சொல்லி அப்பா சிரித்தார். நிஜமாகவே சிரித்தார். பறித்த காயைத் தொட்டி மேடையில் வைத்துவிட்டு, மண்வெட்டியை எடுத்து, பந்தலுக்குப் பக்கத்தில் காலியாகக் கிடந்த இடத்தைக் கொத்தத் தொடங்கினார்.

"யப்பா, என்ன செய்யுதீங்க?"

"ஆடிக்கு இன்னொரு பந்தல் போடணும்லா."

"ஆடிக்கு இன்னும் அஞ்சு மாசம் கெடக்குப்பா!"

"கெடக்கட்டும்ட்டி" என்றார் அப்பா. கொத்துவதை அவர் நிறுத்தவில்லை.