செல்லூரில் மாறிய டொமைன் பெயர்

“என் டிசைனையும் எடுத்துக்கிட்டு, என்னையே குற்றவாளி ஆக்கிட்டாங்க மேடம்.”

விளாங்குடியில் துப்பறியும் அலுவலகம் நடத்தும் முத்துமீனாவின் எதிரே அமர்ந்திருந்த ஹம்சவேணி கோபத்தோடு சொன்னாள்.

அவள் செல்லூர் நெசவுக்கூடம் ஒன்றில் சேலை டிசைன் வரைபவள். மேனேஜர் வெங்கடேஷ்பாபு அவள் டிசைனைத் தன் பெயரில் போட்டிக்கு அனுப்பிவிட்டார். முதலாளி ராமமூர்த்தியிடம் அவள் புகார் செய்தாள். நேற்று மதியம் இரண்டு மணிக்கு மூலக் கோப்புகளைக் காட்ட வேண்டியிருந்தது. அதற்குள் அவை இருக்கும் சர்வரின் டொமைன் பெயரை யாரோ மாற்றியிருந்தார்கள். அங்கே எல்லோருடைய லாகினும் அந்தப் பெயரை வைத்தே சரிபார்க்கப்படும். யாராலும் உள்ளே நுழைய முடியவில்லை. பொய்ப் புகார் அம்பலமாகாமல் இருக்க அவளே மாற்றினாள் என்று வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

முத்துமீனாவும் கூட்டாளி செல்வக்குமாரும் உடனே அவளோடு செல்லூருக்குக் கிளம்பினார்கள்.

“காலைல பத்து மணிக்கு அவ மாத்துனதை என் கண்ணால பார்த்தேன்,” என்றார் வெங்கடேஷ்பாபு. “டொமைன் பெயரைக் கேக்குற கமாண்டை அவ போட்டதுக்கு ரெக்கார்டே இருக்கு. பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போறேன்னு கெளம்பி, ரெண்டு மணிக்குத்தான் திரும்பி வந்தா.”

“அட்மின் பாஸ்வேர்டு யார்கிட்டண்ணே இருக்கு?” செல்வக்குமார் அவசரமாகக் கேட்டான்.

“எனக்கும் டெக்னீஷியன் அசோக்குமாருக்கும் தெரியும். அவர் நேத்து லீவுல வெளியூர்ல இருந்தார். எழுதி வச்ச சீட்டை இவ பார்த்திருப்பா.”

“நேத்து கரண்ட் இருந்துச்சா சார்?” முத்துமீனா முதலாளியிடம் கேட்டாள்.

“பன்னெண்டுல இருந்து அரை மணி நேரம் இல்ல. யுபிஎஸ்ஸும் ரிப்பேர். சர்வரே அணைஞ்சு போச்சு.”

அன்று வேலைக்குத் திரும்பியிருந்த அசோக்குமார் அட்மின் பாஸ்வேர்டைப் போட்டு சர்வரைத் திறந்து கொடுத்தார். பத்து நிமிடம் பார்த்துவிட்டு, முத்துமீனா எல்லோரையும் அறைக்குள் அழைத்தாள்.

“பெயரைக் கேக்குறது ஒரு சிஸ்டம் கால், அதாவது மெஷினுக்குள்ள போற ஒரு கட்டளை. மாத்துறது வேற. கேக்குறதுக்கு யாருக்கும் உரிமை இருக்கு. ஹம்சவேணி செஞ்சது அம்புட்டுத்தான். மாத்துறதுக்கு அட்மின் அனுமதி வேணும், அட்மினா செய்யிறது இங்க ரெக்கார்டுல ஏறாது. அப்படி மாத்துன பெயரும் மெமரியில மட்டும்தான் நிக்கும். மெஷின் அணைஞ்சு எழுந்தா, ஃபைல்ல எழுதியிருக்கிற பெயர் திரும்ப வந்துரும். அந்த ஃபைல்ல சரியான பெயர்தான் இருக்கு. போன வருஷத்துல இருந்து யாரும் அதைத் தொடல.”

“அப்ப பத்து மணிக்கு மாத்தியிருந்தா பன்னெண்டரைக்குத் தானாச் சரியாயிருக்கணுமே,” என்றான் செல்வக்குமார்.

“ஆமா. ரெண்டு மணிக்குத் தப்பா இருந்துச்சுன்னா, கரண்ட் வந்த பிறகு மாத்தியிருக்காங்க. அப்ப ஹம்சவேணி ஆஸ்பத்திரியில இருந்தாங்க. அசோக்குமார் வெளியூர்ல இருந்தார். வெளியில இருந்து இந்த சர்வருக்குள்ள வர வழியும் இல்ல. பாஸ்வேர்டோட இங்க இருந்தது நீங்க ஒருத்தர்தான் வெங்கடேஷ்பாபு. நடக்காத ஒண்ணைப் பத்து மணிக்குப் பார்த்தேன்னு ஏன் சொன்னீங்க?”

அசோக்குமார் பெயரைச் சரிசெய்ததும் ஹம்சவேணி லாகின் செய்தாள். ஆறு மாதத்துக்கு முந்தைய தேதியோடு அவள் வரைந்த படங்கள் திரையில் விரிந்தன. வெங்கடேஷ்பாபுவை வெளியே போகச் சொல்லிவிட்டு, ராமமூர்த்தி அவள் பக்கம் திரும்பினார்.

“நடந்தது நடந்துபோச்சும்மா. நாளைக்கு வேலைக்கு வந்துரு.”

“வேலையைப் பத்தி அப்புறம் பேசலாம் சார்,” என்றாள் ஹம்சவேணி. “போட்டி நடத்துறவங்களுக்கு இப்பவே லெட்டர் எழுதுங்க. டிசைன் யாரோடது, யார் திருடுனாங்க, நீங்க யாரை நிறுத்துனீங்க, எல்லாம் அதுல வரணும்.”

ராமமூர்த்தி கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். ஹம்சவேணி நின்றுகொண்டே வரி வரியாகச் சொல்லத் தொடங்கினாள்.