பருவமேற்றம்

திங்கட்கிழமை என்றால் தவமணி ஒரு சைஸ் பெரிய சுடிதார் வாங்கியாக வேண்டும். கோர்ட் வாசலில் அதற்கென்றே ஒரு கடை உண்டு. போன வாரத்துச் சுடிதாரைத் திரும்ப வாங்கிக்கொண்டு, "இந்த வாரம் தோள் அகலமாகியிருக்கும்மா" என்று கடைக்காரர் வேறொன்றை எடுத்துப்போடுவார். வரிசையில் நிற்கும் அம்மாக்கள் யாரும் அழுவதில்லை. அதுதான் தவமணிக்குப் பயமாக இருந்தது.

மகள் இளவேனிலுக்குப் பதின்மூன்று வயது. ஹாஸ்டல் வார்டனின் அறைக்குத் தீ வைத்ததாக வழக்கு. சட்டத்துக்குக் குழந்தைகள்மேல் ரொம்ப இரக்கம். ஒப்புக்கொண்டால் சிறுவர் இல்லத்தில் மூன்று வருடம், அவ்வளவுதான். மறுத்தால் பெரியவர்களின் கோர்ட்டில் விசாரணை. அங்கே ஒரு சிறுமியை நிறுத்துவது பாவமல்லவா? அதனால் பருவமேற்றுப் பேழையில் படுக்கவைத்து, வாராவாரம் வயதைக் கூட்டி, முப்பது வயது உடம்பாக்கித்தான் கூண்டில் ஏற்றுவார்கள். முளையைக் கிள்ள மனசு வராமல் மரமாக்கி வெட்டுகிற இரக்கம்.

"ஒத்துக்கச் சொல்லுங்கம்மா. மூணு வருஷம் கண்ணை மூடித் திறக்குறதுக்குள்ள ஓடிடும்" என்று வக்கீல் முதல் நாளே சொன்னார்.

"நான் செய்யலைம்மா" என்றாள் இளவேனில்.

"செய்யலைன்னா செய்யலைன்னு சொல்லு. மடியில கனமிருந்தாத்தானே வழியில பயம்?"

அப்படிச் சொன்ன தன் வாயைத் தைத்திருக்கலாம் என்று தவமணிக்குப் பிறகு எத்தனையோ முறை தோன்றியது.

இன்று தீர்ப்பு. கூண்டில் நின்ற பெண்ணுக்குக் கண்ணோரம் சுருக்கம் விழுந்திருந்தது. மின்கசிவால் பிடித்த தீ என்று நிரூபணமாகிவிட்டது, விடுதலை என்றார் நீதிபதி. தவமணி கையெடுத்துக் கும்பிட்டாள்.

"இனி பழையபடி சின்னவளாக்கிடுவாங்கல்ல சார்?"

வக்கீல் கோப்பைக் கட்டினார். "பேழை முன்னாலதாம்மா போகும், பின்னால வராது."

வெளியே வந்ததும் காவலர் சிரித்தார். "அக்கா தங்கச்சியா?" இளவேனில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். பெரிய, சூடான கை.

"அம்மா, நாளைக்கு ஸ்கூலுக்கு ரெட்டைப் பின்னல் போட்டுவிடுவியா?" முற்றிய குரலில் கேட்டாள். அவள் காதோரம் ஒரு நரை மின்னியது.

கடை வரிசையில் சேராமல் ஓரமாகப் புதிதாக ஒருத்தி, மகளின் பள்ளிக்கூடப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். அவர்களைப் பார்த்ததும் ஓடி வந்தாள்.

"அக்கா, உங்க பொண்ணு ஜெயிச்சிட்டாளாமே! என் பொண்ணும் சத்தியமா செய்யலைங்கறா. நாளைக்குள்ள பதில் சொல்லணுமாம். என்ன சொல்லச் சொல்லட்டும்?"

தவமணி அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"செஞ்சேன்னு ஒத்துக்கச் சொல்லும்மா."

அவள் கைக்குள் இருந்த இளவேனிலின் பெரிய கை மெல்ல விலகிக்கொண்டது.